பஞ்ச நிவாரணம் முதல் மின்கம்பம் வரை: இந்தியப் பேரிடர் நிதி வரலாற்றில் இன்றியமையாச் சேவைகளின் இடம்

ஆய்வுச் சுருக்கம்

புயலோ வெள்ளமோ தாக்கிய பின் குடிநீர், மின்சாரம், மருத்துவம், துப்புரவு ஆகிய சேவைகளைத் தடையின்றி நடத்த ஆகும் செலவை யார் ஏற்பது என்னும் வினாவை இந்திய நிதிக் கூட்டாட்சியின் வரலாற்று வழியில் இக்கட்டுரை ஆராய்கிறது. 1957 முதல் 2021 வரை அமைந்த நிதிக்குழுக்களின் பரிந்துரைகள், பேரிடர் நிவாரண விதிமுறைகள், தமிழ்நாட்டில் 2018-இல் வீசிய கஜா புயலின் பட்டறிவு ஆகியவை ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளப்பட்டுள்ளன. நிவாரணத்திற்கென ஒதுக்கப்படும் தொகை பன்மடங்கு பெருகிய அதே காலத்தில், அத்தொகையால் ஈடுசெய்யத்தக்க பணிகளின் வரையறை சுருங்கியது என்பதும், அச்சுருக்கத்தின் வேர் பஞ்ச காலச் சிந்தனையில் உள்ளது என்பதும் கட்டுரையின் முடிபுகளாகும்.

திறவுச்சொற்கள்: பேரிடர் நிதி, நிதிக்குழு, பஞ்ச விதித் தொகுப்பு, இன்றியமையாச் சேவைகள், செலவு ஈடு, கஜா புயல், மத்திய மாநில உறவு.

முன்னுரை

பேரிடருக்குப் பின் அரசு செய்யும் செலவு இரு வகைப்படும். பாதிக்கப்பட்ட மக்களுக்கு நேரடியாகச் சென்று சேரும் உணவு, உடை, தங்குமிடம், உதவித்தொகை ஆகியவை முதல் வகை. நீரேற்று நிலையம் இயங்குவது, மருத்துவமனையில் விளக்கு எரிவது, தெருக்களில் குப்பை அகற்றப்படுவது போன்ற அன்றாடப் பணிகள் நின்றுபோகாமல் காப்பதற்கான செலவு இரண்டாம் வகை. முதல் வகைச் செலவு கண்ணுக்குத் தெரியும், செய்தியாகும். இரண்டாம் வகை, பணி நின்றுபோனால் மட்டுமே பேசப்படும்.

இந்தியப் பேரிடர் நிதி பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் மாநிலம் கேட்ட தொகைக்கும் மத்திய அரசு அளித்த தொகைக்கும் உள்ள இடைவெளியையே பேசுகின்றன. அவ்விடைவெளி உண்மையானது. எனினும், எவ்வகைச் செலவு ஈடுசெய்யத்தக்கது என்னும் வரையறையை ஆராயாமல் அவ்விடைவெளியை விளக்க இயலாது. அவ்வரையறை எவ்வாறு உருவாயிற்று, எவ்வாறு மாறிற்று என்பதே இக்கட்டுரையின் பொருள்.

பஞ்ச விதித் தொகுப்பின் மரபு

இந்தியாவில் பேரிடர் நிவாரணம் என்னும் அரசுப் பணி பஞ்சத்திலிருந்து பிறந்தது. 1876–78 ஆம் ஆண்டுகளின் பெரும் பஞ்சம் சென்னை மாகாணத்தைச் சூறையாடியபோது, நிவாரணச் செலவைக் குறைக்க அனுப்பப்பட்ட ரிச்சர்டு டெம்பிள், உழைப்பாளர்க்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியம் என்னும் அளவை முன்வைத்தார். அக்காலத்தில் நிவாரணப் பணியாகவே சென்னை நகரில் பக்கிங்ஹாம் கால்வாயின் ஒரு பகுதி வெட்டப்பட்டது. பஞ்சத்திற்குப் பின் ரிச்சர்டு ஸ்ட்ரேச்சி தலைமையில் அமைந்த பஞ்ச ஆணையம் 1880-இல் அறிக்கை அளித்தது. அதன் வழியில் 1883-இல் மாதிரிப் பஞ்ச விதித் தொகுப்பு வெளியாயிற்று. மாகாணங்கள் தத்தம் தொகுப்புகளை அமைத்துக்கொண்டன.

இத்தொகுப்புகள் வகுத்த கருவிகள் நான்கு: உடல் வலியுள்ளோர்க்கு நிவாரண வேலை, வேலை செய்ய இயலாதோர்க்கு இலவச உதவி, நிலவரியை ஒத்திவைத்தல் அல்லது தள்ளுபடி செய்தல், உழவர்க்குத் தக்காவிக் கடன். இவை அனைத்தும் தனிமனிதரையோ குடும்பத்தையோ நோக்கியவை. பஞ்சம் மெல்ல வருவது. அது உயிரை வாட்டுமேயன்றிப் பாலத்தையோ கட்டடத்தையோ உடைப்பதில்லை. ஆகவே அரசின் சொந்த இயந்திரம் பழுதுபடக்கூடும் என்னும் எண்ணத்திற்கு அத்தொகுப்புகளில் இடம் தேவைப்படவில்லை. இயந்திரம் நிலையாக இருக்கும், மக்களே பாதிக்கப்படுவர் என்பது அவற்றின் அடிப்படைக் கருத்தாயிற்று.

நிவாரணப் பணியை நிலவரி வசூலிக்கும் துறையிடமே ஒப்படைத்தது இம்மரபின் மற்றொரு கூறு. பயிர் பொய்த்ததை முதலில் அறிபவர் கிராமக் கணக்கர். அதனை மதிப்பிடுபவர் வட்டாட்சியர். முடிவெடுப்பவர் மாவட்ட ஆட்சியர். தமிழ்நாட்டில் இன்றும் பேரிடர் மேலாண்மை வருவாய்த் துறையின் பொறுப்பிலேயே உள்ளது. மின்சாரம், குடிநீர், மக்கள் நல்வாழ்வு ஆகியவை வேறு துறைகளைச் சேர்ந்தவை. அத்துறைகளின் இழப்பு மதிப்பீடுகள் வருவாய்த் துறையின் கோரிக்கை மனுவில் தொகுக்கப்பட்டே மத்திய அரசைச் சென்றடைகின்றன. ‘நிவாரணம்’ என்னும் ஒரே சொல் அரிசி வழங்குவதையும் மின்மாற்றி மாற்றுவதையும் குறிக்க நேர்ந்தது இம்மரபின் மொழிச் சுவடு எனலாம்.

விளிம்புத் தொகையின் காலம்: 1957–1990

விடுதலைக்குப் பின், நிவாரணச் செலவை நிதிப் பகிர்வின் ஓர் உறுப்பாக முதன்முதலில் கணக்கில் கொண்டது, தமிழகத்தைச் சேர்ந்த கே. சந்தானம் தலைமையிலான இரண்டாம் நிதிக்குழு. 1957-இல் அறிக்கை அளித்த அக்குழு, மாநிலங்களின் ஆண்டுச் செலவை மதிப்பிடும்போது இயற்கை இடர்களுக்கென ஒரு தொகையைச் சேர்த்துக்கொண்டது. ‘மார்ஜின் பணம்’ என அலுவலக வழக்கில் வழங்கிய இவ்விளிம்புத் தொகை அனைத்து மாநிலங்களுக்குமாக ஆண்டுக்கு 6.15 கோடி ரூபாய். எட்டாம் நிதிக்குழுவின் காலத்தில் அது 240.75 கோடி ரூபாயாக உயர்ந்தது.

இத்தொகையை மிஞ்சும் செலவை ஈடுசெய்யும் முறை பலமுறை மாறியது. 1974 வரை, மிகுதிச் செலவில் 50 விழுக்காட்டை மத்திய அரசு கடனாகவும் 25 விழுக்காட்டை மானியமாகவும் அளித்தது. எஞ்சிய 25 விழுக்காட்டை மாநிலம் ஏற்றது. ஆறாம் நிதிக்குழு இம்முறையை ஏற்கவில்லை. நிவாரணச் செலவு கட்டுமீறிச் செல்வதாகக் கருதிய அக்குழு, மத்திய உதவியை எதிர்வரும் திட்ட ஒதுக்கீட்டின் முன்பணமாக மாற்றப் பரிந்துரைத்தது.

இவ்வரலாற்றில் திருப்புமுனையாக அமைந்தது ஜே.எம். ஷெலத் தலைமையிலான ஏழாம் நிதிக்குழுவின் 1978 அறிக்கை. முந்தைய ஆண்டு நவம்பரில்தான் ஆந்திரக் கடற்கரையில் திவிசீமைப் பகுதியைப் பெரும்புயல் அழித்திருந்தது. வறட்சியையும் வெள்ளம், புயல் போன்ற திடீர் இடர்களையும் அக்குழு தனித்தனியே பிரித்தது. வறட்சிக்குத் திட்ட முன்பண முறை தொடர்ந்தது. வெள்ளத்திற்கும் புயலுக்கும் விளிம்புத் தொகையை மிஞ்சும் செலவில் 75 விழுக்காட்டை, திட்ட ஒதுக்கீட்டில் கழிக்கப்படாத மானியமாக மத்திய அரசு அளிக்க வேண்டும் என அது பரிந்துரைத்தது. அச்செலவு என்பதில் நிவாரணத்துடன் பொதுப்பணிகளைப் பழுதுபார்த்து மீட்பதும் சேர்ந்திருந்தது. பஞ்சச் சட்டகத்தில் இடம்பெறாத ‘அரசின் உடைந்த இயந்திரம்’ ஈட்டுக்குரிய பொருளாக அங்கீகாரம் பெற்றது இப்பரிந்துரையில்தான்.

இதற்கு முந்தைய காலத்தில், மாநில அரசைச் சாராத ஒரு நிறுவனம் எவ்வாறு இயங்கிற்று என்பதற்கு 1964 டிசம்பர் 22–23 இரவில் தனுஷ்கோடியை அழித்த புயல் நல்ல சான்று. சிதைந்த பாம்பன் ரயில் பாலத்தை இளம் பொறியாளராயிருந்த இ. ஸ்ரீதரனின் குழு 46 நாள்களில் சீரமைத்தது. தனக்கெனத் தனி வரவுசெலவுத் திட்டமும் பொறியாளர் அணியும் கொண்டிருந்த ரயில்வே, நிவாரண மானியத்தை எதிர்பார்த்திருக்கத் தேவையில்லை. ஆயினும் தனுஷ்கோடிக்கான பாதை மீண்டும் அமைக்கப்படவில்லை. சேவையை மீட்கும் பொறுப்பு அதன் உரிமையாளரிடம் மட்டுமே இருக்குமானால், எதை மீட்பது, எதைக் கைவிடுவது என்னும் முடிவும் அவரிடமே சென்றுவிடும் என்பதை இவ்வரலாறு காட்டுகிறது.

நிரந்தர நிதியும் சுருங்கிய வரையறையும்: 1990–2017

பேரிடர் நேர்ந்ததும் மாநிலம் கோரிக்கை மனு அளிப்பது, மத்தியக் குழு வந்து பார்வையிடுவது, பின்னர் உயர்நிலையில் முடிவெடுப்பது என்னும் நடைமுறை மிகைப்படுத்திய கோரிக்கைகளுக்கும் காலத்தாழ்வுக்கும் இடமளித்தது. இதனைத் தவிர்க்க, என்.கே.பி. சால்வே தலைமையிலான ஒன்பதாம் நிதிக்குழு ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஓர் இயற்கை இடர் நிவாரண நிதியை ஏற்படுத்தியது. 1990 முதல் ஆண்டுக்கு 804 கோடி ரூபாய். மத்திய அரசின் பங்கு 75 விழுக்காடு, மாநிலத்தின் பங்கு 25 விழுக்காடு. தலைமைச் செயலாளர் தலைமையிலான மாநிலக் குழுவே செலவை முடிவு செய்யும். இடர் வருவதற்கு முன்பே பணம் கைவசம் இருக்கும் என்பதே இதன் சிறப்பு. இரத்தல் உரிமையாக மாறிய தருணம் இது எனலாம்.

இவ்வுரிமை நெடுங்காலம் தனித்து நிற்கவில்லை. மாநில நிதியால் தாங்க இயலாத இடர்களுக்கென, கே.சி. பந்த் தலைமையிலான பத்தாம் நிதிக்குழு 700 கோடி ரூபாயில் ஒரு தேசிய நிதியைப் பரிந்துரைத்தது. ‘அரிதான கடுமை’ உடையதா என்னும் தீர்ப்பு மீண்டும் மத்திய அரசிடம் சென்றது. கோரிக்கை மனுவும் மத்தியக் குழுவின் வருகையும் திரும்பின. பேரிடர் மேலாண்மைச் சட்டம், 2005 இவ்விரு அடுக்கு அமைப்பிற்குச் சட்ட வடிவம் தந்தது. அதன் 46, 48 ஆம் பிரிவுகளின்படி, பதின்மூன்றாம் நிதிக்குழுவின் பரிந்துரையை ஒட்டி, 2010 ஏப்ரல் 1 முதல் தேசியப் பேரிடர் நிவாரண நிதியும் மாநிலப் பேரிடர் நிவாரண நிதிகளும் நடைமுறைக்கு வந்தன.

தொகை பெருகிய இக்காலத்தில்தான் வரையறை சுருங்கியது. ஏ.எம். குஸ்ரோ தலைமையிலான பதினொன்றாம் நிதிக்குழு, உள்கட்டமைப்பையும் மூலதனச் சொத்துகளையும் மீட்கும் செலவு திட்ட நிதியிலிருந்து முன்னுரிமையுடன் செய்யப்பட வேண்டும் எனக் கூறியது. நிவாரணப் பணியுடனும், பாதிக்கப்பட்ட பகுதியுடனான தொடர்புடனும் பிரிக்க இயலாதபடி இணைந்த செலவுக்கு மட்டுமே விலக்களிக்கப்பட்டது. 2010-க்குப் பிந்தைய நெறிமுறைகளும் மீட்பு, மறுகட்டமைப்பு ஆகியவை நிவாரண நிதியின் பகுதியாகா. அவற்றுக்கு மாநிலத் திட்ட நிதியில் வழிசெய்ய வேண்டும் என்றே வகுத்தன. 1978-இல் 75 விழுக்காடு மானியத்துக்குரியதாயிருந்த பொதுப்பணி மீட்பு, ‘உடனடித் தன்மையுள்ள பழுதுபார்ப்பு’ என்னும் சிறு வட்டத்துக்குள் அடங்கியது.

இதற்கு மத்திய அரசின் தரப்பில் நியாயமும் உண்டு. பராமரிப்பைப் புறக்கணித்த மாநிலம் பழைய சாலையைப் புயலின் பெயரால் புதுப்பித்துக்கொள்ளக்கூடும். வரம்பில்லா ஈடு அளித்தால் முன்னெச்சரிக்கையோடு செலவிடும் மாநிலம் தண்டிக்கப்பட்டு, செலவிடாத மாநிலம் பயன்பெறும். ஆயினும் இவ்வாதம், மீட்புச் செலவுக்குத் திட்ட நிதி என்னும் மாற்று வழி உண்டு என்ற நம்பிக்கையில் நின்றது. 2015 சனவரியில் திட்டக்குழுவுக்கு மாற்றாக நிதி ஆயோக் அமைந்தது. 2017–18 முதல் மத்திய வரவுசெலவுத் திட்டத்தில் திட்டச் செலவு, திட்டம் சாராச் செலவு என்னும் பிரிவே நீங்கியது. எந்த வாயிலுக்குச் செல்லுமாறு மாநிலங்களுக்குக் காட்டப்பட்டதோ அவ்வாயிலே இல்லாமற்போயிற்று.

விதிமுறைப் பட்டியலின் மூன்று எல்லைகள்

நிவாரண நிதியிலிருந்து எதற்கு எவ்வளவு செலவிடலாம் என்பதை மத்திய உள்துறை அமைச்சகம் வெளியிடும் விதிமுறைப் பட்டியல் தீர்மானிக்கிறது. 2015–20 காலப் பட்டியலை உற்று நோக்கினால் இரு வேறு அளவைகள் புலனாகின்றன. மீட்புப் படகு, அவசரக் குடிநீர் வழங்கல், பொது இடங்களில் இடிபாடு அகற்றல், வெள்ளநீர் வடித்தல் ஆகியவற்றுக்கு ‘உண்மையான செலவு’ அளவையாகும். பஞ்ச மரபில் ‘நிவாரணம்’ என உடனே அறியத்தக்க பணிகள் இவை. சேவைகளைத் தாங்கும் கட்டமைப்புகளுக்கோ அலகு விலை அளவையாகிறது. சேதமடைந்த குடிநீர்க் கட்டமைப்பு ஒன்றுக்கு 1.50 லட்சம் ரூபாய் வரை. ஆரம்ப சுகாதார நிலையம் ஒன்றுக்கும் 1.50 லட்சம் ரூபாய் வரை. மின்கம்பம் ஒன்றுக்கு 4,000 ரூபாய். மின்கம்பி ஒரு கிலோமீட்டருக்கு 50,000 ரூபாய். பகிர்மான மின்மாற்றி ஒன்றுக்கு 1 லட்சம் ரூபாய்.

இப்பட்டியல் மூன்று எல்லைகளை வகுக்கிறது. முதலாவது, கால எல்லை: ‘உடனடி’ என்பது நாள் கணக்கில் வரையறுக்கப்படுகிறது. இரண்டாவது, உரிமை எல்லை: தொலைத்தொடர்பு, மின்சாரம் போன்ற, தமக்கெனச் சொந்த வருவாய் உடைய துறைகள் தம் பழுதைத் தாமே சீர்செய்துகொள்ள வேண்டும் என்பது விதி. மின் வழங்கலை உடனடியாக மீட்பதற்கு மட்டும், அதுவும் 11 கிலோவோல்ட் வரையிலான அமைப்புகளுக்கு, விலக்கு உண்டு. மூன்றாவது, விலை எல்லை: உண்மைச் செலவு எவ்வளவாயினும் ஈடு அலகு விலையைத் தாண்டாது.

இம்மூன்று எல்லைகளுக்கும் வெளியே நிற்பது சேவையை நடத்தும் செலவு. உடைந்த பொருளுக்குப் பட்டியலில் விலை உண்டு. அப்பொருளை இரவு பகலாக மாற்றும் பணியாளரின் மிகைநேர ஊதியம், மின்சாரம் வரும் வரை நீரேற்று நிலையத்தை இயக்கும் ஜெனரேட்டருக்கான டீசல், வருவாய் நின்றுபோன ஊராட்சி தன் பணியாளர்க்கு அளிக்க வேண்டிய மாதச் சம்பளம் ஆகியவற்றுக்கெனத் தனி இனம் இல்லை.

கஜா புயல்: விதிமுறைக்கு ஒரு சோதனை

2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்த கஜா புயல், நாகப்பட்டினம், திருவாரூர், தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களைக் கடுமையாகத் தாக்கியது. வெள்ளத்தைவிடக் காற்றால் நேர்ந்த அழிவே மிகுதி. தென்னை மரங்கள் லட்சக்கணக்கில் சாய்ந்தன. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் முறிந்தன. பல சிற்றூர்கள் வாரக்கணக்கில் இருளில் கிடந்தன. மின்சாரமில்லாமையால் ஆழ்துளைக் கிணற்று மோட்டார்கள் நின்றன. மேல்நிலைத் தொட்டிகள் வறண்டன. மின்கம்பத்தின் வீழ்ச்சி குடிநீர்ப் பஞ்சமாக மாறிய வரிசை இது.

தமிழ்நாட்டின் பிற மாவட்டங்களிலிருந்தும் அண்டை மாநிலமான கேரளத்திலிருந்தும் மின்வாரியப் பணியாளர்கள் வரவழைக்கப்பட்டனர். வயலிலும் சேற்றிலும் கம்பங்களைத் தோளில் சுமந்து சென்று நட வேண்டியிருந்தது. இப்பணியை விதிமுறைப் பட்டியலின் கண்கொண்டு மதிப்பிட்டால், ஒரு லட்சம் கம்பங்களுக்கு 40 கோடி ரூபாய் என எளிய பெருக்கல் விடை தரும். கம்பத்தின் உண்மை விலை, அதனைக் கொண்டுசேர்க்கும் போக்குவரத்து, பிற ஊர்ப் பணியாளரின் உணவு, தங்குமிடம், மிகைநேரம் ஆகியவை அப்பெருக்கலில் தனித்து நிற்பதில்லை. அவை மின் பகிர்மானக் கழகத்தின் கணக்கில் சேர்கின்றன. சொந்த வருவாய் உள்ள நிறுவனம் என்பதால் அது தாங்கிக்கொள்ளும் என்பது விதியின் எதிர்பார்ப்பு. கழகமோ அப்போது பல ஆண்டுகளாக இழப்பில் இயங்கி வந்தது.

தமிழ்நாடு அரசு ஏறத்தாழ 15,000 கோடி ரூபாய் கோரியது. மத்திய அரசு இடைக்கால உதவியாக 353.70 கோடி ரூபாய் விடுவித்தது. 2018 டிசம்பர் இறுதியில் 1,146.12 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் அளித்தது. இவ்வேறுபாட்டை அரசியல் பாரபட்சமாக மட்டுமே காண்பது போதாது. மாநிலத்தின் மதிப்பீடு சேவைகளை நிலையாக மீட்டெடுப்பதன் உண்மைச் செலவை உள்ளடக்கியது. மத்தியக் குழுவின் மதிப்பீடு விதிமுறைப் பட்டியலைச் சார்ந்தது. இரண்டும் வெவ்வேறு பொருள்களை அளந்தன. மாநில நிதியில் எஞ்சியுள்ள இருப்பில் 50 விழுக்காட்டைக் கழித்தே தேசிய நிதியுதவி விடுவிக்கப்படும் என்னும் நடைமுறை, கைக்கு வரும் தொகையை மேலும் குறைக்கக்கூடியது.

இதே முரண் 2023 டிசம்பரில் மீண்டும் தோன்றியது. மிக்ஜாம் புயல் சென்னையையும், அதே மாதம் 17–18 தேதிகளில் பெய்த பெருமழை தென் மாவட்டங்களையும் மூழ்கடித்தன. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. இரு இடர்களுக்கும் சேர்த்து ஏறத்தாழ 37,900 கோடி ரூபாய் கோரிய தமிழ்நாடு அரசு, 2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றத்தை அணுகியது. அம்மாத இறுதியில் ஏறத்தாழ 276 கோடி ரூபாய் விடுவிக்கப்பட்டது. ஒன்பதாம் நிதிக்குழு தவிர்க்க விரும்பிய கோரிக்கை அரசியல், முப்பத்து நான்கு ஆண்டுகளுக்குப் பின் நீதிமன்ற வழக்காக உருமாறியது.

ஓர் ஒப்பீடு: அமெரிக்க முறை

சேவையை நடத்தும் செலவை வரையறுப்பது இயலாததா என்னும் வினாவுக்கு விடை காண, கூட்டாட்சி அமைப்புடைய மற்றொரு நாட்டின் வரலாறு துணைபுரியும். அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 1950-ஆம் ஆண்டின் பேரிடர் நிவாரணச் சட்டம் மாநில, உள்ளாட்சி அரசுகளுக்குக் கூட்டரசு உதவும் நிரந்தர முறையைத் தோற்றுவித்தது. 1971 பிப்ரவரியில் கலிஃபோர்னியாவின் சான் பெர்னாண்டோ நிலநடுக்கம் மருத்துவமனைகளைச் சிதைத்தது. அவ்வாண்டு டிசம்பரில், ஆதாய நோக்கற்ற தனியார் மருத்துவமனைகளுக்கும் உதவி அளிக்கும் வகையில் சட்டம் திருத்தப்பட்டது. 1974-இல் அவ்வுரிமை ஆதாய நோக்கற்ற கல்வி, மின்சாரம், குடிநீர் அமைப்புகளுக்கும் விரிந்தது. அங்கு யார் உரிமையாளர் என்பதைக் காட்டிலும் எவ்வகைப் பணி என்பதே தகுதியின் அளவுகோலாயிற்று. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னைத் தனியார் மருத்துவமனை ஒன்றின் மின்னாக்கி அறைக்குள் நீர் புகுந்த நிகழ்வை நினைத்தால் இவ்வேறுபாட்டின் பொருள் விளங்கும்.

1988-ஆம் ஆண்டின் ஸ்டாஃபோர்டு சட்டத்தின் கீழ், அவசரப் பாதுகாப்புப் பணிகளின் செலவில் குறைந்தது 75 விழுக்காட்டைக் கூட்டரசு ஈடுசெய்கிறது. நிரந்தர ஊழியரின் வழக்கமான ஊதியம் அவசரப் பணிக்கு ஈடுசெய்யப்படுவதில்லை. மிகைநேர ஊதியம் ஈடுசெய்யப்படுகிறது. இடர் நேராவிட்டாலும் செய்திருக்க வேண்டிய செலவு உள்ளாட்சிக்கு, இடரால் கூடிய செலவு பொதுக்கருவூலத்துக்கு என்பதே இதன் தருக்கம். வருவாயை இழந்த உள்ளாட்சிகள் அன்றாடப் பணிகளைத் தொடரத் தனிக் கடன் திட்டமும் 1974 சட்டத்தில் இடம்பெற்றது.

அம்முறையும் குறையற்றதன்று. 2005-இல் கத்ரினா சூறாவளிக்குப் பின் வரி வருவாய் முற்றிலும் நின்ற நியூ ஆர்லியன்ஸ் நகராட்சி, அவ்வாண்டு அக்டோபரில் 3,000 பணியாளர்களை விடுவிப்பதாக அறிவித்தது. அவ்வாண்டு இயற்றப்பட்ட கடன் சட்டம் உச்சவரம்பை நீக்கியதெனினும், வழக்கமாக உள்ள கடன் தள்ளுபடி வாய்ப்பை மறுத்தது. 2007-இல்தான் அம்மறுப்பு விலக்கப்பட்டது. செலவை முதலில் செய்து பின்னர் ஈடு பெறும் எம்முறையும், முதலில் செலவிடக் கைப்பணம் உள்ளவர்க்கே எளிதாகும். ஆயினும், நடத்தும் செலவு என்பதை ஒரு தனிக் கணக்கினமாக வரையறுக்க இயலும் என்பதை அவ்வரலாறு மெய்ப்பிக்கிறது.

கொரோனாக் காலமும் பதினைந்தாம் நிதிக்குழுவும்

இந்தியாவிலும் அது இயலும் என்பதற்கு 2020 சான்றாயிற்று. அவ்வாண்டு மார்ச் 14 அன்று, கொரோனாப் பெருந்தொற்றை நிவாரண நிதிக்குரிய பேரிடராகக் கருதலாம் என மத்திய உள்துறை அமைச்சகம் மாநிலங்களுக்குக் கடிதம் அனுப்பியது. தனிமைப்படுத்தும் முகாம்களை நடத்துதல், மாதிரி சேகரித்தல், ஆய்வகங்கள் அமைத்தல், பாதுகாப்பு உடைகள் வாங்குதல் ஆகியவை ஈட்டுக்குரியனவாயின. தொடக்கத்தில் ஆண்டு ஒதுக்கீட்டில் 35 விழுக்காடு என இருந்த வரம்பு, செப்டம்பரில் 50 விழுக்காடாக உயர்த்தப்பட்டது. உடைந்த பொருள் எதுவுமில்லாத ஒரு பேரிடரில், சேவையை நடத்துவதே நிவாரணமாக ஏற்கப்பட்டது. விதிமுறைப் பட்டியல் மாற்றவொண்ணாததன்று. ஒரு கடிதத்தால் விரிக்கத்தக்கது என்பதும் தெளிவாயிற்று.

என்.கே. சிங் தலைமையிலான பதினைந்தாம் நிதிக்குழு 2021–26 காலத்துக்கு மாநில அளவில் 1,60,153 கோடி ரூபாயைப் பரிந்துரைத்தது. சராசரியாக ஆண்டுக்கு 32,000 கோடி ரூபாய். விலைவாசி உயர்வைக் கணக்கில் கொள்ளாமல் நோக்கினால், 1990-இன் 804 கோடியைப் போல் ஏறத்தாழ நாற்பது மடங்கு. தொகையைவிட முக்கியமானது அதன் பகுப்பு. மொத்தத்தில் 20 விழுக்காடு இடர் தணிப்புக்கும், 40 விழுக்காடு உடனடி நிவாரணத்துக்கும், 30 விழுக்காடு மீட்புக்கும் மறுகட்டமைப்புக்கும், 10 விழுக்காடு ஆயத்தத்துக்கும் திறன் வளர்ப்புக்கும் எனக் குழு வகுத்தது. பதினொன்றாம் நிதிக்குழு திட்ட நிதிக்கு அனுப்பிவைத்த மீட்புச் செலவு, இருபது ஆண்டுகளுக்குப் பின் பேரிடர் நிதியின் உள்ளேயே மீண்டும் இடம்பெற்றது.

எனினும் இப்பகுப்பும் நிவாரணத்தையும் மீட்பையும் மட்டுமே பிரித்துக் காட்டுகிறது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட நாள்களில், உடைந்தது சீராகும் முன் சேவை நிற்காமல் நடக்க வேண்டிய அந்த இடைவெளிக்குத் தனிப் பெயர் இன்னும் வழங்கப்படவில்லை.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் பின்வரும் முடிபுகள் பெறப்படுகின்றன.

இந்தியப் பேரிடர் நிதியின் கருத்துச் சட்டகம் பஞ்ச விதித் தொகுப்பின் வழிவந்தது. மக்கள் பாதிக்கப்படுவர், அரசு இயந்திரம் நிலைக்கும் என்னும் அதன் அடிப்படைக் கருத்து, புயலையும் நகர்ப்புற வெள்ளத்தையும் எதிர்கொள்ளப் போதுமானதன்று. ஏழாம் நிதிக்குழு அதனை ஓரளவு திருத்தியது; பதினொன்றாம் நிதிக்குழுவும் 2010 நெறிமுறைகளும் அத்திருத்தத்தைச் சுருக்கின; பதினைந்தாம் நிதிக்குழு ஒரு பகுதியை மீட்டது. தொகையின் வளர்ச்சியும் வரையறையின் வளர்ச்சியும் ஒரே திசையில் செல்லவில்லை.

மத்திய மாநில அரசுகளின் மதிப்பீடுகள் பெரிதும் வேறுபடுவதற்கு அலகு விலைப் பட்டியலும் உரிமை எல்லையும் முதன்மைக் காரணங்களுள் அடங்கும். இவற்றைத் திருத்தாமல் ஒதுக்கீட்டை மட்டும் உயர்த்துவது அம்முரணைத் தீர்க்காது. உண்மையான செலவை அளவையாகக் கொள்ளும் முறை படகுக்கும் குடிநீர் லாரிக்கும் ஏற்கெனவே நடைமுறையில் உள்ளது. இடரால் கூடிய மிகைநேர ஊதியத்துக்கும் எரிபொருளுக்கும் அதனை விரிப்பது புதிய கோட்பாட்டை வேண்டி நிற்பதன்று.

இச்செலவை ஈடுசெய்யாத நிலையில் அது மறைந்துபோவதில்லை. மின் பகிர்மானக் கழகத்தின் கடனாகவும், ஊராட்சியின் நிலுவையாகவும், களப்பணியாளரின் ஊதியமில்லா உழைப்பாகவும் இடம்பெயர்கிறது. இவ்விடப்பெயர்ச்சியை உள்ளாட்சிக் கணக்குகளிலும் மின்வாரிய ஆண்டறிக்கைகளிலும் தேடி அளப்பது, பேரிடர் வரலாற்றாய்வு அடுத்து மேற்கொள்ளத்தக்க பணியாகும்.